அப்டேட் போட்டதும் விண்டோஸ் எழவில்லையா? ஃபார்மட் அடிக்கும் முன் செய்ய வேண்டியவை

மைக்ரோசாஃப்ட் தன் மாதாந்திர அப்டேட்டை ஒவ்வொரு மாதமும் இரண்டாவது செவ்வாய்க்கிழமை வெளியிடுகிறது. நம்மூர் நேரப்படி இரவு 10.30 மணி, அமெரிக்காவில் குளிர்கால நேரம் நடக்கும் மாதங்களில் 11.30. அதனால் கோளாறு இருந்தால் அது பெரும்பாலும் புதன், வியாழன் காலையில்தான் முகம் காட்டும். பட்டனை அழுத்துகிறோம், லோகோ வருகிறது, கீழே புள்ளிகள் சுற்றுகின்றன, சுற்றிக்கொண்டே இருக்கின்றன.

கடைக்குத் தூக்கிக்கொண்டு போனால் "ஓஎஸ் போயிடுச்சு சார், ஃபார்மட் அடிக்கணும்" என்பார்கள். கடைக்காரருக்கு அது ஒரு மணி நேர வேலை, உங்களுக்குத்தான் நஷ்டம். அப்டேட்டால் மட்டும் படுத்த கம்ப்யூட்டருக்கு ஃபார்மட் பெரும்பாலும் தேவைப்படாது. உள்ளே போன அப்டேட்டை வெளியே எடுத்தால் எழுந்துவிடும். ஆனால் எதை முதலில் செய்வது, எதைக் கடைசிவரை தள்ளிப்போடுவது என்ற வரிசை தப்பக்கூடாது. இங்கே சொல்வது விண்டோஸ் 10, 11 இரண்டுக்கும் பொருந்தும். திரையில் வரும் மெனுப் பெயர்களை உச்சரிப்பு மாறாமல் தமிழில் எழுதியிருக்கிறோம்.

முதலில் காத்திருங்கள்

"அன்டூயிங் சேஞ்சஸ் மேட் டு யுவர் கம்ப்யூட்டர்" என்று திரையில் நின்றால் அது பழுதல்ல. அப்டேட் பாதியில் இடறியதால் விண்டோஸ் தானே பழைய நிலைக்குத் திரும்பிக்கொண்டிருக்கிறது. எஸ்எஸ்டி உள்ள கம்ப்யூட்டரில் இது அரை மணிக்குள் முடியலாம். பழைய சுழலும் ஹார்ட் டிஸ்க் என்றால் இரண்டு மூன்று மணி நேரமும் ஆகும். டிஸ்க் விளக்கு மினுக்கிக்கொண்டிருக்கும்வரை பவரில் கை வைக்காதீர்கள். லேப்டாப்பில் சார்ஜரைச் செருகி வையுங்கள். டெஸ்க்டாப்பை யுபிஎஸ்ஸில் போடுங்கள். சும்மா விட்டிருந்தால் தானே எழுந்திருக்கக்கூடிய கம்ப்யூட்டர், இந்த நேரத்தில் கரண்ட் போனால் நிஜமாகவே படுத்துவிடும்.

விளக்கு அணைந்து, மூன்று மணி நேரமாகத் திரையில் ஒரு மாற்றமும் இல்லையென்றால் அடுத்த வேலையைத் தொடங்கலாம். பென் டிரைவ், பிரின்டர், வெளி ஹார்ட் டிஸ்க், டாக், மெமரி கார்டு எல்லாவற்றையும் கழற்றிவிட்டு ஒருமுறை ஆன் செய்து பாருங்கள். செருகி மறந்த பென் டிரைவிலிருந்து பூட் ஆக முயன்று "நோ பூட்டபிள் டிவைஸ்" என்று நிற்கும் கம்ப்யூட்டர்கள் ஏராளம்.

இன்னொன்று, டெஸ்க்டாப் வைத்திருப்பவர்களுக்கு. நீலத்திரையில் "இன்அக்ஸசிபிள் பூட் டிவைஸ்" என்று வந்தால், அப்டேட்டைத் திட்டுவதற்கு முன் பயாஸுக்குள் (விண்டோஸ் எழும் முன் ஓடும் மதர்போர்டின் அடிப்படை மென்பொருள்) போய்த் தேதியைப் பாருங்கள். ஏதோ பழைய வருடத்தைக் காட்டினால் மதர்போர்டில் உள்ள சிஆர்2032 பட்டன் பேட்டரி தீர்ந்துவிட்டது. பேட்டரி தீர்ந்தால் பயாஸ் அமைப்புகள் தொழிற்சாலை நிலைக்குப் போய்விடும்; டிஸ்க் கன்ட்ரோலர் முன்பு ஏஹெச்சிஐ முறையில் இருந்திருந்து இப்போது ரெய்டு அல்லது விஎம்டி என்று மாறியிருந்தால் (அல்லது நேர்மாறாக) விண்டோஸால் தன் டிஸ்க்கையே கண்டுபிடிக்க முடியாது. பேட்டரியை மாற்றி, பழைய முறையைத் திரும்ப வைத்தால் வேலை முடிந்தது. பயாஸ் அப்டேட் ஒன்று விண்டோஸ் அப்டேட்டோடு சேர்ந்து வந்து அமைப்புகளைக் கலைத்திருந்தாலும் அறிகுறி இதேதான்.

நீலத்திரையில் 48 இலக்கம் கேட்டால்

இது பழுதே இல்லை, பிட்லாக்கர் பூட்டு. டிஸ்க் மறையாக்கத்தின் (என்கிரிப்ஷன்) சாவி மதர்போர்டில் உள்ள டிபிஎம் சிப்பில் இருக்கிறது. பூட் ஆகும் ஒவ்வொரு முறையும் பயாஸ், பூட் கோப்புகள் ஆகியவற்றின் அடையாளத்தை அந்தச் சிப் ஒப்பிட்டுப் பார்க்கும். அப்டேட் அவற்றில் எதையாவது மாற்றிவிட்டால் யாரோ கைவைத்துவிட்டார்கள் என்று சந்தேகித்துச் சாவியைத் தர மறுக்கும். 2024 ஜூலை மாத அப்டேட்டில் பலருக்கு இப்படி நடந்தது. 2025 மே மாதம் விண்டோஸ் 10-க்கு வந்த கேபி5058379 அப்டேட்டிலும், இன்டெலின் டிஎக்ஸ்டி என்ற பாதுகாப்பு வசதி இயங்கிய கம்ப்யூட்டர்களில் இதே கதை.

"நான் பிட்லாக்கர் போடவே இல்லையே" என்று பலர் அடித்துச் சொல்வார்கள். மைக்ரோசாஃப்ட் கணக்கு கொடுத்து லேப்டாப்பை முதன்முதலில் அமைத்தபோது அது சத்தமில்லாமல் தானே இயங்கத் தொடங்கியிருக்கும். விண்டோஸ் 11-இன் 24ஹெச்2 பதிப்பைப் புதிதாக நிறுவினால் கிட்டத்தட்ட எல்லாக் கம்ப்யூட்டரிலும் இது இயல்பாகவே வந்துவிடும்.

நல்லவேளையாக, அப்படித் தானாக இயங்கியது என்றால் சாவியும் தானாகவே அதே கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கும். போனில் மைக்ரோசாஃப்ட் கணக்குப் பக்கத்தைத் திறந்து, "டிவைசஸ்" பகுதியில் உங்கள் கம்ப்யூட்டரின் "பிட்லாக்கர் ரெக்கவரி கீ" எங்கே என்று தேடுங்கள். ஒன்றுக்கு மேல் இருந்தால், நீலத்திரையில் தெரியும் கீ ஐடியின் முதல் எட்டு எழுத்துகள் எதோடு பொருந்துகின்றன என்று பார்த்து அதை எடுங்கள். அலுவலக லேப்டாப் என்றால் சாவி ஐடி பிரிவிடம் இருக்கும். கம்ப்யூட்டரை வாங்கியபோது கடைக்காரர் தன் மின்னஞ்சலைக் கொடுத்து அமைத்துத் தந்திருந்தால் சாவி அவர் கணக்கில் கிடக்கும். அவரிடம்தான் கேட்க வேண்டும்.

சாவி ஆறு ஆறு இலக்கமாக எட்டுத் தொகுதிகள். ஒவ்வொரு தொகுதியும் 11-ஆல் மீதியின்றி வகுபடும் எண். தாளில் எழுதிவைத்த இலக்கம் மங்கிப்போய் ஏழா ஒன்றா என்று குழம்பினால் வகுத்துப் பார்த்தே முடிவுசெய்யலாம். எண் விசை வேலை செய்யாவிட்டால் எஃப்1 முதல் எஃப்9 வரை ஒன்று முதல் ஒன்பது, எஃப்10 என்றால் சைபர்.

சாவி எங்கேயும் கிடைக்கவில்லை என்றால் அந்த டிஸ்க்கில் உள்ள டேட்டாவை எந்தக் கடையாலும் திறக்க முடியாது. முடியும் என்று பணம் கேட்பவரை நம்ப வேண்டாம்.

பழுதுபார்க்கும் திரைக்குள் நுழைவது

விண்டோஸுக்குள் வின்ஆர்இ என்ற தனிக் குட்டி விண்டோஸ் ஒன்று இருக்கிறது. பெரிய விண்டோஸ் எழாதபோது இதைத்தான் எழுப்ப வேண்டும். கம்ப்யூட்டரை ஆன் செய்து, புள்ளிகள் சுற்றத் தொடங்கியதும் பவர் பட்டனைப் பத்து விநாடி அழுத்தி அணையுங்கள். திரும்ப ஒருமுறை அதேபோல. மூன்றாவது முறை அணைக்காமல் விட்டால் "ப்ரிப்பேரிங் ஆட்டோமேட்டிக் ரிப்பேர்" என்று வரும். அது ஏதாவது முயன்று தோற்ற பிறகு "அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்" பட்டனைக் காட்டும். லாகின் திரைவரை வந்து அதன் பிறகு தொங்கினால், ஷிஃப்ட் விசையைப் பிடித்தபடி ரீஸ்டார்ட்டைச் சொடுக்கினாலே போதும்.

அங்கே போன பிறகு கீபோர்டும் மவுஸும் அசையவே இல்லையா? 2025 அக்டோபர் 14-ஆம் தேதி வந்த கேபி5066835 அப்டேட் இதைத்தான் செய்தது: பழுதுபார்க்கும் திரைக்குள் யுஎஸ்பி கீபோர்டும் மவுஸும் செத்துவிட்டன. தீயணைப்பு வண்டிக்கே தீ வைத்த மாதிரி. ஆறு நாளில் கேபி5070773 என்ற அவசர அப்டேட்டால் சரிசெய்தார்கள். ஆனால் அந்த இடைவெளியில் மாட்டி, இன்னும் சரியாகாத கம்ப்யூட்டர் என்றால் பழைய பிஎஸ்/2 கீபோர்டு அல்லது தொடுதிரை உதவும். இல்லாவிட்டால் வெளியிலிருந்து பூட் செய்ய வேண்டும்.

வெளியிலிருந்து என்றால், 8 ஜிபி அல்லது அதற்கு மேற்பட்ட பென் டிரைவ் ஒன்று, நன்றாக இயங்கும் வேறொரு கம்ப்யூட்டர், மைக்ரோசாஃப்ட் தளத்தில் இலவசமாகக் கிடைக்கும் மீடியா கிரியேஷன் டூல். பென் டிரைவில் இருப்பதெல்லாம் அழிந்துவிடும். அதைச் செருகி, ஆன் செய்தவுடன் பூட் மெனு விசையைத் தட்டிக்கொண்டே இருங்கள்: டெல், லெனோவோ, ஏசர் லேப்டாப்புகளில் எஃப்12, ஹெச்பியில் எஸ்கேப் அழுத்திப் பிறகு எஃப்9, அசுஸ் லேப்டாப்பில் எஸ்கேப், அசுஸ் மதர்போர்டில் எஃப்8, எம்எஸ்ஐயில் எஃப்11, கிகாபைட்டில் எஃப்12. மொழி கேட்ட பிறகு வரும் திரையில் "இன்ஸ்டால்" பக்கம் போகாதீர்கள். "ரிப்பேர் யுவர் கம்ப்யூட்டர்", புதிய பதிப்பில் "ரிப்பேர் மை பிசி", அதைத்தான் தேர்வுசெய்ய வேண்டும்.

எதையும் தொடும் முன் டேட்டா

இங்கே அவசரப்படுபவர்கள்தான் பிறகு அழுகிறார்கள். பழுதுபார்க்கும் திரையிலிருந்தே கோப்புகளைக் காப்பி எடுக்கலாம். அதற்குக் கட்டளை எதுவும் தெரிய வேண்டியதில்லை, நோட்பேட் போதும்.

காலி பென் டிரைவையோ வெளி டிஸ்க்கையோ முதலிலேயே செருகுங்கள். "டிரபிள்ஷூட்", "அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்", "கமாண்ட் ப்ராம்ப்ட்" என்று போங்கள். டிஸ்க் பூட்டியிருந்தால் இந்த இடத்தில் பிட்லாக்கர் சாவி கேட்கும்; "ஸ்கிப் திஸ் டிரைவ்" கொடுத்தால் உள்ளே போகலாம், ஆனால் உங்கள் கோப்புகள் தெரியாது. கறுப்புத் திரை வந்ததும் நோட்பேட் என்று ஆங்கிலத்தில் அடித்து என்டர். வெள்ளை ஜன்னல் திறக்கும். அதில் "ஃபைல்", "ஓப்பன்". கீழே வலது மூலையில் "டெக்ஸ்ட் டாகுமெண்ட்ஸ்" என்றிருப்பதை "ஆல் ஃபைல்ஸ்" என மாற்றுங்கள். இப்போது அந்தச் சின்ன ஓப்பன் பெட்டியே ஒரு ஃபைல் எக்ஸ்புளோரர். "திஸ் பிசி"க்குள் போய் யூசர்ஸ் ஃபோல்டரில் உங்கள் பெயருள்ள ஃபோல்டரைத் திறந்து, டெஸ்க்டாப், டாகுமெண்ட்ஸ், பிக்சர்ஸ் ஒவ்வொன்றையும் ரைட் கிளிக் செய்து காப்பி, பென் டிரைவுக்குள் பேஸ்ட்.

எவ்வளவு முடிந்தது என்று காட்டும் பச்சைக் கோடு இதில் வராது. ஜன்னல் உறைந்துபோன மாதிரி நிற்கும். உறையவில்லை, காப்பி ஓடுகிறது. பென் டிரைவின் விளக்கைப் பார்த்துக் காத்திருங்கள். 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒற்றைக் கோப்பு இருந்தால் ஃபேட்32 முறையில் ஃபார்மட் செய்த பென் டிரைவில் ஏறாது, எக்ஸ்ஃபேட் அல்லது என்டிஎஃப்எஸ் வேண்டும். கணக்கு மென்பொருளின் டேட்டா ஃபோல்டர், டிடிபி வேலைக்கான பழைய தமிழ் ஃபான்ட்கள் (விண்டோஸ் ஃபோல்டருக்குள் ஃபான்ட்ஸ் என்று தனி ஃபோல்டர்) ஆகியவற்றை மறந்துவிடாதீர்கள். இவை யூசர்ஸ் ஃபோல்டருக்கு வெளியே கிடப்பதால் ரீசெட் செய்யும்போது முதலில் போவது இவைதான்.

அப்டேட்டை வெளியே எடுப்பது

"ஸ்டார்ட்அப் ரிப்பேர்" என்று ஒன்று மெனுவில் இருக்கும். ஒருமுறை ஓட்டுங்கள், முடியவில்லை என்று சொன்னால் மறுபடி ஓட்டிப் பயனில்லை. நேராக "அன்இன்ஸ்டால் அப்டேட்ஸ்" போங்கள். இரண்டு பட்டன்கள் இருக்கும். "குவாலிட்டி அப்டேட்" என்பது மாதாந்திர அப்டேட். "ஃபீச்சர் அப்டேட்" என்பது 23ஹெச்2-விலிருந்து 24ஹெச்2 போவது போன்ற வருடாந்திரப் பெரிய மாற்றம். நேற்று போட்டது மாதாந்திரமானது என்றால் முதல் பட்டன். பெரிய மாற்றத்தைத் திரும்பப் பெற இயல்பாக 10 நாள்தான் அவகாசம், அதற்குப் பிறகு பழைய விண்டோஸ் ஃபோல்டரை அது அழித்துவிடும்.

பல நேரம் இதோடு கதை முடிந்துவிடும். முடியாமல், காத்திருக்கும் அப்டேட்டுகள் இருப்பதால் நீக்க முடியாது என்று வந்தால், அப்டேட் பாதி எழுதப்பட்டு நிற்கிறது என்று பொருள். அந்தப் பாதி வேலையைக் கலைக்க ஒரு கட்டளை இருக்கிறது. கமாண்ட் ப்ராம்ப்டில் முதலில் விண்டோஸ் எந்த டிரைவில் இருக்கிறது என்று பாருங்கள். பழுதுபார்க்கும் திரையில் எழுத்துகள் இடம் மாறும், வழக்கமான சி டிரைவ் இங்கே டி ஆக இருக்கலாம். டிஸ்க்பார்ட் என்று அடித்து, பிறகு லிஸ்ட் வால்யூம் என்று அடித்தால் அளவை வைத்து அடையாளம் தெரியும். எக்ஸிட் கொடுத்து வெளியே வந்து இதை அடிக்கவும் (ஒவ்வொரு சொல்லையும் அதன் ஆங்கில எழுத்தில், டிஐஎஸ்எம் என்பது நான்கு தனி எழுத்துகள்; விண்டோஸ் வேறு எழுத்தில் இருந்தால் சி-க்குப் பதில் அந்த எழுத்து):

டிஐஎஸ்எம் /இமேஜ்:சி:\ /க்ளீனப்-இமேஜ் /ரிவர்ட்பெண்டிங்ஆக்‌ஷன்ஸ்

கடைசிச் சொல்லில் மூன்று ஆங்கிலச் சொற்கள் இடைவெளியின்றி ஒட்டியிருக்கின்றன. ஒவ்வொரு / கோட்டுக்கும் முன்னால் மட்டும் ஓர் இடைவெளி. வெற்றி என்று சொன்னதும் ரீஸ்டார்ட் செய்யுங்கள். உண்மையான கலைப்பு அதன் பிறகுதான் நடக்கும், அதனால் "அன்டூயிங் சேஞ்சஸ்" திரை மறுபடி நெடுநேரம் வந்தால் பதற வேண்டாம். நன்றாக ஓடும் கம்ப்யூட்டரில் இந்தக் கட்டளையை விளையாட்டுக்குக்கூட அடிக்காதீர்கள். எழாத விண்டோஸுக்கு மட்டும்தான் இது.

"சிஸ்டம் ரீஸ்டோர்" பழைய நாள் ஒன்றைக் காட்டினால் அதையும் முயலலாம். பல கம்ப்யூட்டர்களில் அந்த வசதியே அணைந்து கிடப்பதால் பட்டியல் காலியாக இருக்கும்.

டிரைவரோ ஆன்டிவைரஸோ காரணமாக இருந்தால்

லோகோ வந்து, பிறகு கறுப்புத் திரையில் கர்சர் மட்டும் மினுக்கினால் கிராஃபிக்ஸ் டிரைவரைச் சந்தேகிக்கலாம். "ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ்" போய் ரீஸ்டார்ட் கொடுத்து, வரும் பட்டியலில் 4-ஐ அழுத்தினால் சேஃப் மோட். இன்டர்நெட்டும் வேண்டுமென்றால் 5. அங்கே பின் நம்பர் ஏற்காமல் போகலாம், கணக்கின் முழு பாஸ்வேர்டைத் தயாராக வைத்திருங்கள். டிவைஸ் மேனேஜரில் டிஸ்ப்ளே அடாப்டரைத் திறந்து "ரோல் பேக் டிரைவர்". அது மங்கலாக இருந்தால் அன்இன்ஸ்டால்.

2024 ஜூலை 19-இல் உலகமே நீலத்திரையானது இந்த வகைதான். விமான நிலையங்களில் கையால் எழுதி போர்டிங் பாஸ் கொடுத்த அந்த நாளில் தவறு மைக்ரோசாஃப்டின் அப்டேட்டில் இல்லை. கிரவுட்ஸ்ட்ரைக் நிறுவனத்தின் பாதுகாப்பு மென்பொருளுக்கு வந்த ஒரு சின்னக் கோப்பில் இருந்தது. மைக்ரோசாஃப்டின் கணக்குப்படி பாதிக்கப்பட்டவை சுமார் 85 லட்சம் கம்ப்யூட்டர்கள். மருந்து என்னவென்றால், சேஃப் மோடில் போய், சிஸ்டம்32-க்குள் டிரைவர்ஸ் ஃபோல்டரில், அந்த மென்பொருளின் ஃபோல்டருக்குள் சி-00000291 என்று தொடங்கும் கோப்பை அழிப்பது. ஒரு நிமிட வேலை. பிட்லாக்கர் சாவி கையில் இல்லாத அலுவலகங்களுக்குத்தான் அது நாள்கணக்கில் இழுத்தது.

பூட் கோப்புகள் போயிருந்தால்

திரையில் வின்லோட் கோப்பைக் காணவில்லை என்றோ, பூட் கான்ஃபிகரேஷன் டேட்டா சரியில்லை என்றோ வந்தால் மட்டும் இது. யூடியூபில் பார்த்துவிட்டு பூட்ரெக் கட்டளையை நாலைந்து விதமாக அடிப்பது இன்றைய கம்ப்யூட்டர்களுக்குப் பொருந்தாது. எம்பிஆர் என்ற பழைய பூட் முறை இருந்த காலத்து மருந்து அது. யுஇஎஃப்ஐ என்ற இன்றைய முறையில் பூட் ஆகும் கம்ப்யூட்டரில் ஃபிக்ஸ்பூட் அடித்தால் "ஆக்சஸ் இஸ் டினைடு" என்பதுதான் வழக்கமான பதில். நேரான வழி, டிஸ்க்பார்ட்டில் லிஸ்ட் வால்யூம் அடித்து, ஃபேட்32 என்றும் 100 முதல் 260 எம்பிக்குள்ளும் இருக்கும் சின்னப் பகுதியைக் கண்டுபிடிப்பது. அதன் எண் 3 என்றால் செலக்ட் வால்யூம் 3, பிறகு அசைன் லெட்டர்=எஸ், பிறகு எக்ஸிட். அதன் பின்:

பிசிடிபூட் சி:\விண்டோஸ் /எஸ் எஸ்: /எஃப் யுஇஎஃப்ஐ

இதில் பிசிடி, எஸ், எஃப், யுஇஎஃப்ஐ எல்லாம் தனி ஆங்கில எழுத்துகள்; இங்கேயும் சி-க்குப் பதில் விண்டோஸ் இருக்கும் டிரைவின் எழுத்து. பூட் கோப்புகள் உருவாகிவிட்டன என்று ஒற்றை வரி வந்தால் சரி. செலக்ட் செய்த எண் தவறாகப் போனாலும் இதில் டேட்டா அழியாது; ஆனால் டிஸ்க்பார்ட்டுக்குள் க்ளீன், ஃபார்மட் என்ற சொற்களை மட்டும் அடித்துவிடாதீர்கள்.

விண்டோஸோடு லினக்ஸும் வைத்திருப்பவர்களுக்கு 2024 ஆகஸ்ட் அப்டேட் வேறு விதமாக வினையானது: லினக்ஸ் பக்கம் "சம்திங் ஹேஸ் கான் சீரியஸ்லி ராங்" என்று நின்றது. பயாஸில் செக்யூர் பூட்டைத் தற்காலிகமாக அணைத்து லினக்ஸுக்குள் போய், மோக்யுடில் கருவியால், பழைய பூட் கோப்புகளைத் தடுக்கும் எஸ்பிஏடி கொள்கையை நீக்கி, திரும்ப செக்யூர் பூட்டை இயக்குவதே அதற்குத் தீர்வு.

ரீசெட், கடைசியாக

மேலே சொன்ன எதற்கும் மசியாவிட்டால் "ரீசெட் திஸ் பிசி". "கீப் மை ஃபைல்ஸ்" என்பதைத் தேர்ந்தாலும் அது காப்பாற்றுவது சொந்தக் கோப்புகளை மட்டுமே. நிறுவிய மென்பொருள்கள், பிரின்டர் டிரைவர், ஃபான்ட் எல்லாம் போகும். "க்ளவுட் டவுன்லோட்" கொடுத்தால் 4 ஜிபிக்கு மேல் டேட்டா செலவாகும், போன் ஹாட்ஸ்பாட்டில் இருப்பவர்கள் கவனிக்க.

எழுந்த பிறகு

அப்டேட்டை நீக்கிவிட்டு நிம்மதியாகத் தூங்கப் போனால், அதே அப்டேட்டை விண்டோஸ் இரவோடு இரவாக மறுபடி இறக்கிவிடும். எழுந்த முதல் ஐந்து நிமிடத்திலேயே செட்டிங்ஸில் விண்டோஸ் அப்டேட் போய் "பாஸ்" (தற்காலிக நிறுத்தம்) கொடுங்கள். அதிகபட்சம் ஐந்து வாரம் நிறுத்தலாம். அதற்குள் திருத்திய அப்டேட் பெரும்பாலும் வந்துவிடும். பிட்லாக்கர் சாவியைத் தாளில் எழுதிக் கம்ப்யூட்டரோடு இல்லாமல் வேறிடத்தில் வையுங்கள். பயாஸ் அப்டேட் வருவதாகத் தெரிந்தால் அதற்கு முன் பிட்லாக்கரை "சஸ்பெண்ட்" செய்துவிட்டால் சாவியே கேட்காது.

கடைசியாக டிஸ்க்கைச் சோதியுங்கள், அதுவும் சுழலும் ஹார்ட் டிஸ்க் என்றால் கட்டாயம். அப்டேட்டின்போது ஆயிரக்கணக்கான கோப்புகள் ஒரே மூச்சில் எழுதப்படுகின்றன. மெல்லச் செத்துக்கொண்டிருக்கும் டிஸ்க் முதலில் இடறி விழுவது அங்கேதான். பழி அப்டேட்டுக்குப் போய்விடும். கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவசக் கருவியைத் திறந்து பாருங்கள். நீல நிறத்தில் "குட்" என்றால் சரி. மஞ்சளில் "காஷன்" என்று காட்டி, "கரன்ட் பெண்டிங் செக்டர்" வரிசையில் சைபர் அல்லாத எண் இருந்தால், மேலே செய்த பழுதுபார்ப்பெல்லாம் சில வாரம்தான் தாங்கும். டேட்டாவை எடுத்துக்கொண்டு எஸ்எஸ்டி வாங்கக் கிளம்புங்கள்.